பைண்டை விட்டு மாறலாமா? 140 டொமைன், இரண்டு சர்வர், ஒரு குழப்பம்

மணிமுத்தாறு | 12 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஏழு பேர் வேலை செய்யும் சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் இருக்கிறேன். 140 டொமைன்களுக்கு நாங்களே டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் வேலை) பார்க்கிறோம். இரண்டு சர்வர், இரண்டிலும் சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், அதன் மேல் பைண்ட் 9.11 என்ற டிஎன்எஸ் சாஃப்ட்வேர். எனக்கு முன்னால் இருந்தவர் கட்டிவைத்தது. அவர் போய்விட்டார், கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது. அதில் பாதி வரிகள் எதற்கு என்று எனக்குத் தெரியாது. தொடவும் பயம்.

இப்போது தொட்டே ஆக வேண்டும். ஜூன் 30ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7க்கு அப்டேட் நின்றுவிட்டது. போதாக்குறைக்குப் போன வாரம் டேட்டா சென்டரிலிருந்து ஒரு மெயில்: உங்கள் ஐபி ஓபன் ரிசால்வராக (யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் தேடிச் சொல்லும் சர்வராக) இருக்கிறது, 15 நாளில் சரிசெய்யாவிட்டால் லைனை நிறுத்துவோம். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "அப்ப புதுசாவே ஏதாவது போட்டுடலாமே" என்கிறார். எதைப் போடுவது?

படித்த வரையில் நான்கு வழி தெரிகிறது. பைண்டே புது வெர்ஷன். என்எஸ்டியும் அன்பவுண்டும் சேர்த்து. பவர்டிஎன்எஸ், டேட்டாபேஸோடு. அல்லது நாட். ஒவ்வொன்றையும் ஒருவர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்.

எங்கள் நிலைமை: ஜோன் ஃபைல்களை (ஒரு டொமைனின் பெயர், ஐபி விவரங்கள் இருக்கும் ஃபைல்) விஐ எடிட்டரில் திறந்து கையால்தான் திருத்துகிறோம். திருத்துவது நானும் ஒரு ஜூனியர் தம்பியும். நான் லீவில் இருந்தால் அவன் மட்டும்தான்.

பழையபெட்டி | 12 ஆகஸ்ட் 2024, இரவு 11.25

தம்பி, எந்த சாஃப்ட்வேர் என்பதை ஒரு வாரம் ஓரமாக வை. அந்த மெயிலை முதலில் கவனி.

டிஎன்எஸ் சர்வர் என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேலையைச் சொல்கிறோம். தன் கையில் இருக்கும் டொமைன்களைப் பற்றி ஊர் உலகம் கேட்டால் பதில் சொல்வது ஒரு வேலை. நம் ஆட்கள் எதைக் கேட்டாலும் ஊரெல்லாம் அலைந்து தேடிக்கொண்டு வந்து கொடுப்பது இன்னொரு வேலை. முன்னது கடைக்காரர், பின்னது எடுபிடிப் பையன். பைண்ட் இரண்டையும் ஒரே புரோகிராமில் செய்யும். உன் பழைய ஆள் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, எடுபிடியை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார். கான்ஃபிக்கில் ரிகர்ஷனை, அதாவது இந்தத் தேடும் வேலையை, அனுமதிக்கும் வரியில் "எனி" என்று இருக்கும், போய்ப் பார்.

இதனால் என்ன கேடு? எவனோ ஒருவன், தான் தாக்க நினைக்கும் ஆளுடைய ஐபியை அனுப்புநர் முகவரியாகப் பொய்யாகப் போட்டு, உன் சர்வரிடம் ஒரு கேள்வி அனுப்புவான். கேள்வி நூறு பைட்கூட இருக்காது. பதில் சில ஆயிரம் பைட் வரும், அது அந்த ஆள் தலையில் போய் விழும். இப்படி ஆயிரக்கணக்கான சர்வர்களைச் சேர்த்துத்தான் 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்பாம் தடுப்பு அமைப்பின் மீது விநாடிக்கு 300 கிகாபிட் அளவுக்கு அடித்தார்கள். உன்னுடைய பெட்டி அப்படி யாருக்கோ அடியாள் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நாளைக் காலையிலேயே மூடிவிடாதே. யார் யாரெல்லாம் அதை ரிசால்வராக வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. குவெரி லாகை (வந்த கேள்விகளின் பதிவை) இரண்டு நாள் ஓடவிடு. ஒவ்வொரு வரியிலும் கேள்வியின் வகைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால், கேட்டவர் "தேடிக் கொடு" என்று கேட்கிறார் என்று அர்த்தம். அந்த ஐபிகளில் உன் கஸ்டமர் யார் என்று பொறுக்கி எடு. அவர்களிடம் சொல்லிவிட்டு மூடு.

சாஃப்ட்வேர் பற்றிக் கேட்டால் என் ஓட்டு: பதில் சொல்ல என்எஸ்டி, தேட அன்பவுண்ட். இரண்டும் நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் செய்தவை. என்எஸ்டிக்குத் தேடத் தெரியவே தெரியாது. அதனால் அதை ஓபன் ரிசால்வராக ஆக்க யாராலும் முடியாது, உன் ஜூனியரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வடமராட்சியான் | 13 ஆகஸ்ட் 2024, காலை 6.10

பழையபெட்டி அண்ணை சொன்ன முதல் பாதிக்கு நூறு வீதம் ஓம். இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை.

தம்பிக்கு இப்ப பைண்ட் பழக்கம். ஜோன் ஃபைல், ரின்டிசி (பைண்டை இயக்கும் கமாண்ட்), லாக் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். இரவு இரண்டு மணிக்கு வழங்கி (சர்வர்) படுத்தால் கை தானாகப் போகிற கருவிதான் உதவும். பைண்ட் 9.18ஐப் போட்டு, கடைக்காரனை ஒரு பெட்டியிலும் எடுபிடியை இன்னொரு பெட்டியிலும் வைத்தாலே போதும். பைண்டில் ரிகர்ஷனை "நோ" என்று ஒரு வரியில் நிப்பாட்டலாம். அதற்காக ஆளையே மாற்ற வேணுமா?

இன்னொன்று. பிறகு பதில் போலி இல்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்துப் போட வேண்டி வந்தால், 9.16இலிருந்து பைண்டில் பாலிசி ஒன்றை எழுதிவிட்டால் சாவியை மாற்றுவது முதல் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். என்எஸ்டி தானாகக் கையெழுத்துப் போடாது, வெளியில் வேறு கருவி வைத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுக்க வேணும். தனியே பதில் சொல்கிற வழங்கிதான் வேணும், கையெழுத்தும் வேணும் என்றால் செக் நாட்டு சிஇசட் நிக் காரரின் நாட் நல்ல தெரிவு.

பழையபெட்டி | 13 ஆகஸ்ட் 2024, காலை 9.02

வடமராட்சியான், கையெழுத்து விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2015 ஜூலை 28 ஞாபகம் இருக்கிறதா? டிகீ என்ற வகைக் கேள்வியைப் பைண்ட் கையாளும் இடத்தில் ஒரு ஓட்டை. ஒரே ஒரு பாக்கெட், பைண்டின் சர்வர் புரோகிராமான நேம்டி படுத்துவிடும். தேடும் சர்வர், பதில் சொல்லும் சர்வர் என்ற பேதமே இல்லை. கான்ஃபிக்கில் எந்த வரியை மாற்றியும் தப்பிக்க முடியாது, பேட்ச் ஒன்றுதான் வழி. எங்கள் பெட்டிகள் விழவில்லை. ஆனால் அந்த ராத்திரி பதினோரு சர்வர்களை ஒவ்வொன்றாக அப்டேட் செய்து, விடியும்போது ஆபீஸ் வாசலில் டீ குடித்தேன். எல்லா வேலையும் தெரிந்த புரோகிராமில் வேண்டாத வேலையின் ஓட்டையும் நமக்குத்தான் வந்து சேரும்.

வடமராட்சியான் | 13 ஆகஸ்ட் 2024, காலை 9.40

ஞாபகம் இருக்கு அண்ணை. ஆனால் இந்த வருசம் பெப்ரவரியில் வந்த கீட்ராப் என்ற ஓட்டையையும் சொல்லுங்கோ. டிஎன்எஸ்செக் சரிபார்க்கிற இடத்தில் ஒரேயொரு பதிலை அனுப்பி ரிசால்வரை மணிக்கணக்கில் திணறடிக்கலாம் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ் ரிகர்சர், நாட் ரிசால்வர், டிஎன்எஸ்மாஸ்க் எல்லாருக்கும் அடி. அங்கே சின்ன புரோகிராம், பெரிய புரோகிராம் என்று பார்க்கவில்லை.

பழையபெட்டி | 13 ஆகஸ்ட் 2024, காலை 9.48

என்எஸ்டிக்கு அடி இல்லை. :)

வடமராட்சியான் | 13 ஆகஸ்ட் 2024, காலை 9.51

அது சரிபார்க்கிறதே இல்லை, அண்ணை. வேலைக்குப் போகாதவனுக்கு வேலை போகாது.

தூக்கம்தொலைத்தவன் | 13 ஆகஸ்ட் 2024, மதியம் 1.15

பவர்டிஎன்எஸ்ஸை யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். ஐந்து வருடமாக மைஎஸ்க்யூஎல்லோடு ஓட்டுகிறேன், நாலாயிரத்துச் சொச்சம் ஜோன்.

இதன் அழகு: ஜோன் ஃபைல் என்ற பேச்சே கிடையாது. ரெக்கார்டு என்றால் டேபிளில் ஒரு வரி. கஸ்டமர் பேனலில் மாற்றுகிறார், ஏபிஐ வழியாக உள்ளே போகிறது, யாரும் ரீலோட் செய்ய வேண்டாம். புள்ளி விட்டுப்போச்சு, பிராக்கெட் மூடவில்லை என்ற பஞ்சாயத்துகள் இல்லை.

அழகில்லாத பக்கம்: நீங்கள் இனிமேல் டிஎன்எஸ் அட்மின் மட்டும் இல்லை, டேட்டாபேஸ் அட்மினும்கூட. எனக்கு ஒருமுறை டிஸ்க் நிறைந்து மைஎஸ்க்யூஎல் நின்றுவிட்டது. பவர்டிஎன்எஸ் கேஷில் (தற்காலிக நினைவில்) இருந்ததைச் சில விநாடிகள் சொன்னது, அப்புறம் எல்லாக் கேள்விக்கும் செர்வ்ஃபெயில், அதாவது பதில் தர முடியவில்லை என்ற எரர். இரண்டாவது சர்வரும் அதே டேட்டாபேஸைத்தான் படித்துக்கொண்டிருந்தது. என் புத்திசாலித்தனம் அப்படி. இப்போது ஒவ்வொரு சர்வரும் தன் பக்கத்தில் ஒரு நகல் டேட்டாபேஸ் வைத்திருக்கிறது.

140 டொமைனுக்கு, பேனல் இல்லாத இடத்தில், இது தேவையா என்றால் எனக்கே சந்தேகம்தான். பேனல் கட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒற்றைப்புள்ளி | 13 ஆகஸ்ட் 2024, மாலை 5.30

கிழவன் ஒருவன் குறுக்கே வருகிறேன். டைனி டிஎன்எஸ் இன்னும் என் வீட்டுப் பெட்டியில் ஓடுகிறது. பெர்ன்ஸ்டைன் எழுதியது. கடைக்காரரையும் எடுபிடியையும் அப்போதே இரண்டு தனிப் புரோகிராமாகப் பிரித்து வைத்தார், டைனி டிஎன்எஸ் என்றும் டிஎன்எஸ்கேஷ் என்றும். 2008 ஜூலையில் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி கேஷில் நஞ்சு கலக்கும் (பொய்ப் பதிலைப் புகுத்தும்) வழியை வெளியே சொன்னபோது உலகமே பேட்ச் தேடி ஓடியது. டிஎன்எஸ்கேஷ் ஆரம்பத்திலிருந்தே கேள்வி அனுப்பும் போர்ட்டை மாற்றி மாற்றித்தான் வைத்துக்கொண்டிருந்தது, அந்த பேட்ச் செய்ததும் அதைத்தான். பாதுகாப்பு ஓட்டை காட்டினால் ஆயிரம் டாலர் என்று பெர்ன்ஸ்டைன் அறிவித்திருந்தார், ஒருவர் அதை வாங்க 2009 ஆனது.

ஆனால் தம்பிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். டிஎன்எஸ்செக் கிடையாது, ஐபிவி6க்கு வெளியார் எழுதிய பேட்ச் வேண்டும். சும்மா, பழைய காதலி ஊர்ப்பக்கம் வந்ததுபோல ஒரு பேச்சு.

சிறுதுளி | 13 ஆகஸ்ட் 2024, இரவு 8.20

தப்பாக நினைக்க வேண்டாம், கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஏன் நீங்களே ஓட்ட வேண்டும்? டொமைன் வாங்கும் இடத்திலேயே டிஎன்எஸ் சும்மா தருகிறார்களே. கிளவுட்ஃப்ளேர் இருக்கிறது.

பழையபெட்டி | 13 ஆகஸ்ட் 2024, இரவு 8.55

தப்பே இல்லை, நல்ல கேள்வி. ஒன்றிரண்டு டொமைன் வைத்திருப்பவர் சொந்தமாக டிஎன்எஸ் சர்வர் ஓட்டினால் நானே வேண்டாம் என்பேன். உலகம் முழுக்க ஒரே ஐபியில் பதில் சொல்லும் வசதியை நம்மால் கட்ட முடியாது.

ஆனால் 140 கஸ்டமர் டொமைனுக்கு நேம்சர்வர் உன் பெயரில் இருக்கும்போது, ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து மாற்றச் சொல்வது ஆறு மாத வேலை. அப்புறம், பெரியவர்களும் விழுவார்கள். 2016 அக்டோபர் 21 அன்று டிஎன்எஸ் கம்பெனியான டைன் மீது மிராய் பாட்நெட் (கைப்பற்றப்பட்ட கருவிகளின் படை) தாக்கியபோது ட்விட்டரும் ரெடிட்டும் கிட்ஹப்பும் பலருக்குத் திறக்கவில்லை. அந்த சர்வர்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன, முகவரி சொல்லத்தான் ஆள் இல்லை. வெளியே கொடுப்பதானாலும் இரண்டு இடத்தில் கொடு.

மணிமுத்தாறு, உன் இரண்டு சர்வரும் எங்கே இருக்கின்றன?

மணிமுத்தாறு | 14 ஆகஸ்ட் 2024, இரவு 9.30

அண்ணா, ஒரே ரேக்கில். ஒன்றின் மேல் ஒன்று.

லாக் பார்த்தேன். வெளி ஐபிகள் ஆயிரக்கணக்கில், எல்லாம் குப்பை. அதில் கஸ்டமர்கள் என்று தேறியது 23. அவர்களுடைய ரவுட்டரில் எங்கள் ஐபியைப் பழைய ஆள் போட்டுக்கொடுத்திருக்கிறார். 22 பேர் மாற்றிவிட்டார்கள். மீதி ஒன்று காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் சிசிடிவி ரெக்கார்டர். பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. கடைக்காரர், "அதத் தொட்டா கேமரா ஓடாதுங்க" என்கிறார். அந்த ஒரு ஐபிக்கு மட்டும் அனுமதி வைத்துவிட்டு மற்றதை மூடிவிட்டேன். டேட்டா சென்டர் ஒத்துக்கொண்டது.

இன்னொரு சிக்கல். பைண்டில் வியூ போட்டிருக்கிறார்கள். ஆபீஸ் உள்ளே இருந்து கேட்டால் மெயில் சர்வருக்கு உள் ஐபி, வெளியே இருந்து கேட்டால் வெளி ஐபி. என்எஸ்டியில் வியூ இல்லையாமே?

தூக்கம்தொலைத்தவன் | 14 ஆகஸ்ட் 2024, இரவு 9.52

இல்லை. அது உங்களுக்குத் தேவையும் இல்லை. ஆபீஸ் எல்லாமே அன்பவுண்டிடம்தானே கேட்கப்போகிறது? அதில் லோக்கல் டேட்டா என்று ஒரு வரி எழுதினால், அந்தப் பெயருக்கு மட்டும் உள் ஐபியைச் சொல்லும், மற்றதை வெளியே போய்த் தேடும். வியூவில் ஒரே ஜோனுக்கு இரண்டு ஃபைல் வைத்து, ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்து அவதிப்படும் வேலை மிச்சம்.

உபுண்டு போடுவதாக இருந்தால் ஒரு விஷயம்: 127.0.0.53இல் உபுண்டுவோடு வரும் சிஸ்டம்டி ரிசால்வ்டி ஏற்கெனவே டிஎன்எஸ்ஸுக்கான போர்ட் 53ஐப் பிடித்து உட்கார்ந்திருக்கும். "அட்ரஸ் ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று எரர் வந்தால் பதறாமல், எந்த ஐபியில் கேட்க வேண்டும் என்பதை கான்ஃபிக்கில் வெளிப்படையாக எழுதுங்கள்.

பழையபெட்டி | 14 ஆகஸ்ட் 2024, இரவு 10.05

ஒரே ரேக்கா! ஒரே ஸ்விட்ச், ஒரே கரண்ட் வயர். இரண்டாவது நேம்சர்வர் வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997லேயே ஆர்எஃப்சி 2182 என்ற இணைய ஆவணத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷின் வாங்கு. 140 ஜோனுக்கு ஒரு ஜிபி ரேமே அதிகம்.

வடமராட்சியானையும் சமாதானப்படுத்தும் வழி ஒன்று உண்டு: முதலாவதில் என்எஸ்டி, இரண்டாவதில் பைண்ட். இரண்டு வேறு சாஃப்ட்வேர் என்றால் 2015 மாதிரி ஒரு ஓட்டை வந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் படுக்காது.

வடமராட்சியான் | 15 ஆகஸ்ட் 2024, காலை 5.55

சமாதானம். ஆனால் சொல்லிப்போட்டன், இரண்டு சாஃப்ட்வேர் என்றால் இரண்டு விதமான பிழைச் செய்தி, இரண்டு விதமான கான்ஃபிக். ஜூனியர் தம்பிக்கு இரண்டையும் காட்டிக்கொடுங்கோ. ஒவ்வொரு முறையும் ரீலோடுக்கு முதல் ஜோனைச் சரிபார்க்கிற கமாண்டை ஓட்டப் பழக்குங்கோ.

ஒற்றைப்புள்ளி | 15 ஆகஸ்ட் 2024, காலை 10.20

சரிபார்ப்பு என்றதும் என் பெயருக்கேற்ற கதை. 2009 அக்டோபரில் சுவீடனின் டாட் எஸ்இ டொமைன்கள் முழுவதும் ஒரு ராத்திரி காணாமல் போனது. ஜோனை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டில் கோளாறு, பெயர்களின் கடைசியில் வைக்க வேண்டிய ஒற்றைப் புள்ளி விழவில்லை. புள்ளி இல்லாவிட்டால் சர்வர் என்ன செய்யும்? பெயர் பாதிதான் இருக்கிறது என்று நினைத்து, ஜோன் பெயரைத் தானே பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாட்டின் எல்லா நேம்சர்வர் பெயருக்கும் வால் முளைத்தது. ஜோனை ஒரு மணி நேரத்தில் சரிசெய்தும், கேஷ்களில் ஏறிய தப்பு அதற்கு மேலும் நீடித்தது.

அங்கேயே அப்படி. நம் ஊரில் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டில் புள்ளியை விட்டுவிட்டு, "மெயில் வரலை சார்" என்று நான் ஒருநாள் முழுக்க ஸ்பாம் ஃபில்டரைக் குடைந்திருக்கிறேன்.

மணிமுத்தாறு | 2 செப்டம்பர் 2024, காலை 7.15

மாற்றியாயிற்று! நேற்று ஞாயிறு, காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். முதலாவது உபுண்டு 24.04, என்எஸ்டி. இரண்டாவது மும்பையில், பைண்ட் 9.18. ஆபீஸுக்கு அன்பவுண்ட். இரண்டு நாள் முன்பே எல்லா டிடிஎல்லையும் (பதிலைக் கேஷில் எத்தனை விநாடி வைக்கலாம் என்ற எண்) 300ஆகக் குறைத்து வைத்திருந்தேன்.

ஜோன் ஃபைல்கள் அப்படியே ஏறின, ஒன்றைத் தவிர. ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் ஜோனில் பழைய ஆள் "ஜெனரேட்" என்று ஒரு வரியில் 254 ரெக்கார்டுகளை உண்டாக்கியிருந்தார். அது பைண்டின் சொந்தச் சரக்காம், என்எஸ்டிக்குத் தெரியவில்லை. ஷெல்லில் ஒரு லூப் போட்டு 254 வரியையும் எழுதிவிட்டேன்.

நடுவில் ஒரு கூத்து. ஜூனியர் தம்பி ஒரு ஜோனின் சீரியலில் (திருத்தும்போதெல்லாம் கூட்ட வேண்டிய எண்; அது கூடினால்தான் மும்பை கோவையிடமிருந்து புது நகல் எடுக்கும்) 2024க்குப் பதில் 2042 என்று அடித்துவிட்டான். 2042090101. மும்பை உடனே அதை வாங்கிக்கொண்டது. இனி 2024 என்று எழுதினால் "இது பழசு" என்று வாங்காது. 18 வருடம் காத்திருக்க வேண்டுமா?

வடமராட்சியான் | 2 செப்டம்பர் 2024, காலை 7.40

ஹாஹா. மும்பைப் பெட்டி உங்கட கையில்தானே இருக்கு? அங்கே ரின்டிசி ரீட்ரான்ஸ்ஃபர் என்று அந்த ஜோன் பெயரோடு அடியுங்கோ. சீரியலைப் பார்க்காமல் முழுசாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழங்கி வேறொருவர் கையில் இருந்தால்தான் சுற்றுவழி வேணும். சீரியல் 32 பிட் எண், கடிகார முள் மாதிரிச் சுற்றி வரும். பாதிச் சுற்றுக்குள் முன்னால் இருப்பது புதுசு. அதால் 2042090101ஓடு 2147483647ஐக் கூட்டுங்கோ: 4189573748. அதைப் போட்டு எல்லா வழங்கியும் வாங்கும் வரை பொறுத்து, பிறகு 2024090201 போட்டால், முள் சுற்றி வந்ததால் அதுவும் "புதுசு" ஆகிவிடும்.

மணிமுத்தாறு | 2 செப்டம்பர் 2024, காலை 7.58

ரீட்ரான்ஸ்ஃபர் வேலை செய்தது. அந்தக் கணக்கை மட்டும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மணிமுத்தாறு | 13 செப்டம்பர் 2024, காலை 11.05

உதவி தேவை, அவசரம். நேற்றிலிருந்து நான்கு டொமைன்கள் சிலருக்குத் திறக்கவில்லை. சிலருக்குத் திறக்கிறது. கூடவே வேறு ஐந்து டொமைன்களில் ஐபி மாற்றியும் பாதிப் பேருக்குப் பழைய தளம் வருகிறது. இந்த ஐந்துக்கும் டிடிஎல்தான் காரணம் என்று கஸ்டமரிடம் சொல்லிச் சமாளித்தேன், ஆனால் டிடிஎல் 300தான்! மீதி 131 டொமைனில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பிரச்சினை ஒரே நேரத்தில் வந்ததுபோல இருக்கிறது.

பழையபெட்டி | 13 செப்டம்பர் 2024, காலை 11.12

இரண்டு சர்வரையும் தனித்தனியாக எஸ்ஓஏ (சீரியல் இருக்கும் ரெக்கார்டு) கேட்டுப் பார். ரிகர்ஷன் இல்லாமல், ஐபியை நேராகக் கொடுத்து. என்ன வருகிறது?

மணிமுத்தாறு | 13 செப்டம்பர் 2024, காலை 11.20

ஐபி மாற்றிய ஒன்றில்: கோவை 2024090903, மும்பை 2024082801.
திறக்காத ஒன்றில்: கோவை 2024090501, மும்பை செர்வ்ஃபெயில்.
நல்லதாக இருக்கும் ஒன்றில்: இரண்டிலும் 2024081901.

வடமராட்சியான் | 13 செப்டம்பர் 2024, காலை 11.24

ஒரு கேள்வி. இந்த ஒன்பது டொமைனிலும் இந்த மாதம் நாலாம் தேதியோ அஞ்சாம் தேதியோ, அதற்குப் பிறகு கை வைத்தீர்களா? மற்ற 131இல் கை வைக்கவில்லையா? அந்த நேரம் ஃபயர்வாலில் ஏதும் செய்தீர்களா?

மணிமுத்தாறு | 13 செப்டம்பர் 2024, காலை 11.33

ஒன்பதிலும் கை வைத்திருக்கிறோம். மற்ற எதிலும் இல்லை. நாலாம் தேதி சாயங்காலம் தம்பி கோவை சர்வரில் தேவையில்லாத போர்ட் எல்லாவற்றையும் மூடினான். 53 திறந்துதான் இருக்கிறது, பார்த்தேன். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வடமராட்சியான் | 13 செப்டம்பர் 2024, காலை 11.45

போர்ட் 53க்கு இரண்டு வழி: சின்னக் கேள்விகளுக்கு யுடிபி, பெரிய பரிமாற்றத்துக்கு டிசிபி. 53 யுடிபி திறந்திருக்கும். 53 டிசிபி மூடியிருக்கும். வெளியில் இருந்து, மும்பைப் பெட்டியில் இருந்தே, டிஎன்எஸ் கேட்கிற டிக் கமாண்டில் டிசிபி என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கோ.

விளக்கம் இதுதான். மும்பை குறித்த நேரத்துக்கு ஒருமுறை கோவையிடம் சீரியல் கேட்கும். அது யுடிபியில் போகும், பதில் வரும். சீரியல் மாறவில்லை என்றால் "சரி, என்னிடம் உள்ளது புதுசுதான்" என்று காலாவதிக் கடிகாரத்தைத் திருப்பி முதலில் இருந்து ஓடவிடும். அதால்தான் 131 டொமைன் நல்லா இருக்கு. சீரியல் மாறியிருந்தால் முழு ஜோனையும் எடுக்க வேணும், அது டிசிபியில்தான் போகும். அங்கே கதவு பூட்டு. எடுக்க முடியாமல் பழைய ஜோனையே சொல்லிக்கொண்டு இருக்கும். உங்கட ஐந்து டொமைனும் இந்தக் கட்டத்தில் நிற்குது.

எஸ்ஓஏயில் எக்ஸ்பயர் எவ்வளவு? 604800 என்று இருக்கும், ஏழு நாள். ஏழு நாள் முழுக்க எடுக்க முடியாமல் போனால் "என்னிடம் உள்ளதை இனி நம்பக் கூடாது" என்று மும்பை வாயை மூடிவிடும். அஞ்சாம் தேதி திருத்தியது பன்னிரண்டாம் தேதி செத்தது. ஒன்பதாம் தேதி திருத்தியது பதினாறாம் தேதி சாகும். பிரச்சினை ஒன்றுதான், வயதுதான் வேறு.

மணிமுத்தாறு | 13 செப்டம்பர் 2024, மதியம் 12.10

டிசிபி கேட்டேன், டைம் அவுட். ஃபயர்வாலில் தம்பி எழுதிய வரி: 53, யுடிபி. அவ்வளவுதான். டிசிபியைச் சேர்த்தேன், மும்பையில் ஒன்பதையும் ரீட்ரான்ஸ்ஃபர் அடித்தேன், பத்து விநாடியில் எல்லாம் வந்துவிட்டன.

மும்பை லாகில் எட்டு நாளாக "இணைக்க முடியவில்லை" என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கிறது. நான் கோவை லாகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பியைத் திட்டவில்லை. அவனுக்கு டிஎன்எஸ் என்றால் யுடிபி என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பழையபெட்டி | 13 செப்டம்பர் 2024, மதியம் 12.30

வடமராட்சியானுக்கு ஒரு பனங்கற்கண்டுப் பால் கடன்.

தம்பி, இரண்டு காரியம். எக்ஸ்பயரை 1209600 ஆக்கு, இரண்டு வாரம். ஒரு வாரம் என்பது தீபாவளி லீவுக்குப் பத்தாது. அப்புறம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 140 ஜோனுக்கும் இரண்டு சர்வரின் சீரியலையும் ஒப்பிட்டு, கால் மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் நீடித்தால் உனக்கு மெசேஜ் அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட் எழுது. இருபது வரிகூட வராது. அதை மும்பையிலும் கோவையிலும் வைக்காதே, மூன்றாவது இடத்தில் வை. ஒரு கேள்வியை டிசிபியிலும் கேட்கச் சொல்.

மணிமுத்தாறு | 15 செப்டம்பர் 2024, மாலை 6.40

ஸ்கிரிப்ட் என் வீட்டில் ராஸ்பெரி பையில் ஓடுகிறது. நேற்றே ஒருமுறை கத்தியது: தம்பி மறுபடியும் ஃபயர்வாலில் ஏதாவது மூடிவிட்டானோ என்று ஓடினேன். பார்த்தால் என் வீட்டு நெட்தான் போயிருந்தது.

துணிக்கடை சிசிடிவி மட்டும் பாக்கி. பழைய பைண்ட் பெட்டியை அந்த ஒரு ரெக்கார்டருக்காக இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

தூக்கம்தொலைத்தவன் | 15 செப்டம்பர் 2024, இரவு 7.05

அந்த ஐபியில் அன்பவுண்ட் ஒன்றை வைத்து, கடை ஐபிக்கு மட்டும் திறந்துவிட்டு, சென்ட்ஓஎஸ்ஸுக்குக் கொள்ளி வையுங்கள். ரெக்கார்டருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது.

சிறுதுளி | 15 செப்டம்பர் 2024, இரவு 9.48

அண்ணா, இதைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸ் நேம்சர்வர்களை வீட்டிலிருந்து டிசிபியில் கேட்டுப் பார்த்தேன். முதலாவது டைம் அவுட். இரண்டாவது பதில் சொல்கிறது. சீரியல் ஒப்பிட்டால் மூன்று டொமைனில் நான்கு நாள் வித்தியாசம்.

சீனியருக்கு இந்த நேரத்தில் போன் போடலாமா?

வடமராட்சியான் | 15 செப்டம்பர் 2024, இரவு 9.53

எக்ஸ்பயர் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போடுங்கோ.

சிறுதுளி | 15 செப்டம்பர் 2024, இரவு 9.55

432000. ஐந்து நாள். போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.